பசை தீர்ந்துடுச்சு யக்கா

அக்கா,

அடுப்பில் மைதாப் பசை கொதிக்கிறது. மயில்துத்தம் கலந்த அந்த வாடை வீடு முழுக்க நிற்கிறது. "இன்னாடி, இந்த வாட்டி யாரு மானம்?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்காரர் கடைக்குப் போய்விட்டார்.

எதிர்க்கட்சி ஆள் ஒருவர்மேல் சத்துணவுக் கூடத்துப் பெண் புகார் கொடுத்திருக்கிறாள். நாளைக் காலை செஞ்சி கூட்டுரோட்டில் நம் மகளிர் அணி ஆர்ப்பாட்டம். கோஷம் வழக்கம்போல அடியேன். எதுகை மோனையோடு திட்ட இந்த வட்டாரத்தில் என்னை விட்டால் ஆளில்லை என்று நானே சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

அட்டைகள் பழையவைதான். 'கைது செய்' அப்படியே இருக்கும். பெயருக்கு மட்டும் புதுத் தாள் ஒட்டுவோம். அந்தச் சிக்கனம் உன் யோசனை. நீ அணியில் இருந்தவரை ஏழு பெயர் ஒட்டினோம். ஒன்றுகூட நம் கட்சிக்காரன் பெயர் இல்லை.

எட்டாவதாக நீ எழுதி வந்தது நம் தலைவர் பெயர். அவருடைய மல்லாட்டை எண்ணெய் மில்லில் கூலிக்குப் போன அவலூர்பேட்டைப் பெண் உன்னிடம் வந்து அழுதிருந்தாள். என் மகனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர் அவர்.

"பசை தீர்ந்துடுச்சு யக்கா" என்றேன். எனக்குப் பின்னால் அரை வாளிப் பசை. மறைத்துக்கொண்டு நின்றேன், என் பருமன் கட்சிக்குப் பயன்பட்டது அன்றுதான்.

நீ எட்டிப் பார்த்தாய். "அவன் செஞ்சா அக்கிரமம், நம்மாளு செஞ்சா இன்னா, அபிஷேகமாடி?"

மறுநாள் கூட்டுரோட்டில் நீயும் அவளும் மட்டும் நின்றீர்கள். பெயரைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருந்தாய். பஸ்ஸில் போன நான் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன். காற்றில் தாள் பிய்ந்து விழுந்ததைச் சொல்லிச் சொல்லி அணியையே சிரிக்க வைத்தேன். சாயங்காலம் தனியாகப் போய் அதைப் பொறுக்கிக்கொண்டு வந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் உன்னை எந்தக் கூட்டத்துக்கும் கூப்பிடவில்லை. நீ போனதும் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர் அடித்தோம். அதற்குப் பசை தாராளமாக இருந்தது.

இன்று மத்தியானம் அந்த அவலூர்பேட்டைப் பெண் போன் செய்தாள். "நாளைக்கி நானும் வரேன்க்கா, ஓரமா நின்னுக்கறேன். அந்தப் பேரையும் ஒரு அட்டையில ஒட்டுவீங்களா?"

பசை என்று சொல்ல நாக்கு எழவில்லை. "அட்டை தீர்ந்துடுச்சும்மா" என்றேன்.

சுவரோரம் எட்டு அட்டை சாய்ந்திருக்கிறது அக்கா. உன் தாள் ரேஷன் கார்டு உறைக்குள் இருக்கிறது. அதில் அந்தப் பருக்கை காய்ந்து, இன்னும் ஒட்டிக்கொண்டேயிருக்கிறது.