கூறைச் சேலையின் மறுமுனை

நங்கையா, மகன் கல்யாணம் நேற்று முடிந்தது. இன்று காலையில் கூறைச் சேலையை மடிக்க எடுத்தேன். புதுக் கதருக்கு ஒரு கஞ்சி வாடை உண்டே, அது குப்பென்று அடித்தது. உங்கள் வாடை. போன ஆடியில் நீங்கள் கண்ணை மூடிய பிறகு அது என் மூக்கில் படவே இல்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கதர்க்கூறை என்றதும் எனக்குத் தேசபக்தி முற்றிவிட்டது என்று நினைக்காதீர்கள். உலகச் சண்டை வந்ததிலிருந்து துணிக்குக் கட்டுப்பாடு. நாமக்கல்லில் கடை கடையாக ஏறி இறங்கியும் வேறு சேலை அகப்படவில்லை. நீங்கள் எதற்காகப் பிறந்த வீட்டையே விட்டீர்களோ, அது எனக்குத் துணிப் பஞ்சத்தில் தானாக வந்து சேர்ந்தது. கேட்டால் வாய்விட்டுச் சிரித்திருப்பீர்கள்.

என் கல்யாணத்துக் கூறை சீமைச் சேலை. மாமனார் சேலம் போய்ப் பெருமையாக வாங்கி வந்தார். அரக்குச் சிவப்பு, கையில் நிற்காமல் வழுக்கும். இணைச்சீரில் அந்தச் சேலையின் ஒரு முனை மாப்பிள்ளை கக்கத்தில் இருக்க, மறுமுனையை அவருடைய அக்கா பிடிக்க வேண்டும். ஒரே அக்கா, என் நங்கையா, நீங்கள்தான். நீங்களோ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றீர்கள்.

"நான் தொட மாட்டனுங்கப்பா. சீமைத் துணியத் தொடறதில்லீன்னு கூட்டத்துல சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கறேன்."

"தம்பி கலியாணத்தை விட ஒனக்கு அது பெருசா?" என்று மாமனார் கத்தினார்.

நீங்களே நூற்றுத் தறியில் கொடுத்து நெய்த கதர்ச் சேலையை நீட்டினீர்கள். "இதையே கூறையா வெச்சுக்கலாமுங்க."

என் அம்மா சும்மா இருப்பாளா? "எம் புள்ளைக்குச் சாக்கையா கட்டச் சொல்றீங்க?" என்றாள். எனக்கும் அதே எண்ணம்தான். அந்த வயதில் யாருக்குத்தான் வழுக்குகிற சேலை பிடிக்காது? உங்கள் தம்பி, என் வீட்டுக்காரர், தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நேரம் போகிறது என்று அவருடைய சித்தப்பா மகளைக் கூப்பிட்டுப் பிடிக்கச் சொன்னார்கள். நீங்கள் பந்தல் கால் ஓரமாக நின்று அத்தனையையும் பார்த்தீர்கள்.

அன்றைக்கு அது அத்தனை பெரிய விஷயமாக யாருக்கும் தோன்றவில்லை. ஆனால் நம் சனத்துக்குச் சேலை முனை பிடித்தவள்தான் அக்கா. என் வளைகாப்புக்கும் மகன் காது குத்துக்கும் முதல் தாம்பூலம் அவளுக்கே போனது. நீங்கள் அக்கம்பக்கத்துப் பெண்களோடு ஒருத்தியாக வரிசையில் நின்று வாங்கிக்கொண்டீர்கள். மாமனார் கடைசிவரை உங்களை வா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மோகனூர்ச் சந்தையில் சீமைத் துணிக்கடை வாசலில் நின்று, வருகிறவர்களை எல்லாம் "வாங்காதீங்க சாமி" என்று கும்பிட்டுக்கொண்டிருந்தீர்கள் ஒருநாள். வெயிலில் முகம் கறுத்துக் கிடந்தது. கடை சாத்திய பிறகு காவிரி மணலில் சேர்ந்து நடந்தோம். எனக்குப் பொறுக்கவில்லை.

"அன்னைக்கு ஒரு நிமுசம் தொட்டுத் தொலச்சிருக்கலாமில்லீங்க நங்கையா?"

"சேலை முனைய ஒரு முகூர்த்தத்துக்குத்தான் விட்டுக்குடுக்கறோம்னு நெனச்சேன் அம்மிணி. பொறந்த ஊடே போயிருச்சு" என்றீர்கள். கொஞ்ச தூரம் போய், "தொட்டிருந்தாத் தூக்கம் வந்திருக்காது சாமி" என்றீர்கள்.

சுயராஜ்யம் இதோ வருகிறது, அதோ வருகிறது என்கிறார்கள். வரட்டும். எனக்குச் சலிப்பாக இருக்கிறது. கடை வாசலில் கும்பிட்ட கைகளுக்கு எத்தனை வீட்டு உறவு அறுந்ததோ, அதை யார் கேட்கப்போகிறார்கள்? உங்கள் மேல் எனக்கு வெகுகாலம் கோபம் இருந்தது. அது எப்போது போனதென்று தெரியவில்லை.

நேற்று இணைச்சீரில் என் மகள் கூறையின் முனையைப் பிடித்தாள். "சொரசொரங்குதும்மா" என்று என்னைப் பார்த்து முகம் சுளித்தாள். சித்தப்பா மகள் வழக்கம்போல முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அப்போது உங்கள் தம்பி எழுந்து வந்தார். மகள் கைக்குப் பக்கத்தில் சேலையைத் தொட்டுப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"இதுன்னா அக்கா புடிச்சிருப்பா" என்றார், சபை முழுக்கக் கேட்கும்படி.

இத்தனை வருஷத்தில் உங்களைப் பற்றி அவர் வாய் திறந்தது அப்போதுதான். நீங்கள் பந்தல் காலோரம் நின்ற அன்றைக்கே இந்த மனுஷன் வாயைத் திறந்திருக்கக் கூடாதா நங்கையா?