நோட்டீஸ் வராத கணக்கு

ஜனவரி 9

காலை முழுக்கக் கணக்கு நோட்டு. கடைச் சரக்குக்கான ஜகாத்தை, அதாவது ஏழைகளுக்கான கட்டாயப் பங்கை, என் கணவரே தன் பெயிண்ட் கடை வாசலில் கொடுத்துவிடுவார், போட்டோவோடு. வங்கியில் கிடக்கும் பன்னிரண்டு லட்சத்துக்குக் கணக்குப் போடுவது மட்டும் என் வேலை. நூற்றுக்கு இரண்டரை, ஆக முப்பதாயிரம். பணம் கையில் ஒரு வருடம் நிறைந்தால்தான் கடமை; அதற்கு ஒன்பது நாள் பாக்கி.

இந்த முறை அது நாத்தனாருக்குப் போக வேண்டும். அவள் கணவர் சாரத்திலிருந்து விழுந்து படுக்கையில் கிடக்கிறார். சட்டைக்குப் பொத்தான் தைத்து அவள் ஐந்து மாத வாடகையை எங்கே கட்டுவாள்? முப்பத்தொன்றாம் தேதி தாண்டினால் சாமான் தெருவில் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

இவரிடம் எப்படிப் பேச்செடுப்பது? இவருக்குத் தெரியாமல் அவள் ஒரு பெயிண்டரைக் கட்டிக்கொண்டாள். கடனுக்கு டப்பா வாங்க வந்தவன் மச்சானாகிவிட்டானே என்று எட்டு வருடமாகப் பேச்சில்லை.

ஜனவரி 10

பேச்செடுத்தேன். அவள் பெயர் வரும் முன்பே சண்டை.

"அதான் வரி கட்டறேன்ல? அரசாங்கம் ஏழைக்குத்தானே குடுக்குது? அதுல கழிச்சுக்க."

"வரியில ரோடு போடுறாங்க. அந்த ரோட்டுலதான் உங்க வண்டியும் போகுது. ஜகாத்துல ரோடு போட முடியாது, பள்ளிவாசலுக்குச் சுவர்கூட எழுப்ப முடியாது. அது ஆள் கையில போய்ச் சேரணும்."

"நீ என்ன, பள்ளிவாசல் ஹஸ்ரத்தா?"

இல்லை. ஆனால் மார்க்கச் சட்டப் புத்தகத்தில் ஜகாத் பாடத்தை நாலு தடவை படித்திருக்கிறேன். இவர் பெயிண்ட் டப்பாவில் ஒட்டியிருப்பதைக்கூட முழுசாகப் படித்ததில்லை.

வரி விகிதம் வருடா வருடம் மாறுகிறது, இவரும் வருடா வருடம் திட்டுகிறார். இரண்டரை மாறவேயில்லை. அதைத் திட்ட முடியாது, அதனால் தள்ளிப்போடுகிறார். வரி கட்டாவிட்டால் நோட்டீஸ் வரும். இதற்கு எந்த நோட்டீஸும் வராது. எனக்குப் பயமே அதுதான்.

ஜனவரி 13

ஆடிட்டர் வீட்டுக்கே வந்துவிட்டார். வரி மிச்சம் பிடிக்க அந்தப் பன்னிரண்டு லட்சத்தையும் இவர் எனக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட வேண்டுமாம். காட்டிய இடங்களிலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். இருபது வருடக் குடித்தனத்தில் இவர் எனக்குக் கொடுத்த முதல் அன்பளிப்பு.

ஆடிட்டர் போனதும் ஒரே சிரிப்பு. "வருஷம் நிறையறதுக்குள்ள என் கையை விட்டுப் போயிடுச்சு. ஜகாத்தும் இல்லை. ஒரே கல்லு, ரெண்டு வரி!"

வரி என்கிறாரே! சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஜனவரி 14

புத்தகத்தைப் புரட்டினேன். அவர் சொன்னது சரிதான். வருடம் நிறையும் முன் பொருள் கைமாறினால் கொடுத்தவர்மேல் கடமை இல்லை, வாங்கியவருக்கு அன்றிலிருந்து புது வருடம். எவ்வளவு கெட்டிக்காரத்தனம்! படைத்தவனிடமே ஆடிட்டரை அனுப்புகிறோம்.

ஜனவரி 15

அழுதேன். எழுத ஒன்றுமில்லை.

ஜனவரி 17

குழம்பு தாளிக்கும்போது பொறி தட்டியது. நான் ஏன் அழுகிறேன்? பணம் யாருடையது? என்னுடையது! பத்திரம் இருக்கிறது, சாட்சி இருக்கிறது, ஆடிட்டர் முத்திரைகூட இருக்கிறது.

ஹஸ்ரத்துக்குப் போன் செய்தேன். "வருஷம் நிறையறதுக்கு முன்னாடியே ஜகாத் குடுக்கலாமா?"

"தாராளமா. ஆனா நான் கேள்விப்பட்டவரைக்கும் தள்ளிப்போடத்தாம்மா வழி கேப்பாங்க."

ஜனவரி 20

வங்கியில் முப்பதாயிரம் எடுத்து நேரே நாத்தனார் வீட்டுக்குப் போனேன். படுக்கையைச் சுற்றிச் சட்டைக் குவியல். உறையைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அண்ணனுக்குத் தெரியுமா அண்ணி? தெரியாம வேணாம்."

"இது உங்க அண்ணன் காசு இல்லை. என் காசும் இல்லை. உன் பங்கு. நான் கொண்டாந்து சேர்க்கிற ஆளு, அவ்வளவுதான்."

"வாடகை கேக்குற வீட்டு ஓனரும் இப்படித்தான், 'என் பங்கு, என் பங்கு'ன்னு வந்து நிக்கிறாரு" என்று சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

ஜனவரி 21

வங்கிச் செய்தி இவர் போனுக்குத்தான் வந்திருக்கிறது. நான் மறந்தே போனேன்.

"முப்பதாயிரம் எங்க?"

"ஜகாத்."

"இந்த வருஷம் இல்லைன்னு சொன்னேன்ல?"

"உங்களுக்கு இல்லை. எனக்கு உண்டு."

யாருக்கு என்று கேட்டார், சொன்னேன். கடைக்குப் போகாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் பண்ணியது தப்பா? கணக்கில் தப்பில்லை. சொல்லாமல் செய்தது? அது தெரியவில்லை.

பிப்ரவரி 2

பணத்தைத் திரும்ப அவர் பெயருக்கே மாற்ற ஆடிட்டர் காகிதம் தயார் செய்துவிட்டார். பேனாவைத் திறந்து நீட்டினார் இவர்.

"கண்டிப்பா போடுறேங்க. வருஷம் நிறையட்டும். முன்கூட்டிக் குடுத்தது ஜகாத்தா நிக்கணும்னா வருஷக் கடைசியில பணம் என்கிட்ட இருந்தாகணும். இல்லேன்னா அது வெறும் தர்மமாப் போயிடும். அப்ப முப்பதாயிரம் வீணாயிடுச்சுன்னு நீங்கதான் சொல்லுவீங்க."

ஆடிட்டர் பேனாவை வாங்கி மூடிக்கொண்டார். "இப்படி ஒரு சட்டம் எங்ககிட்ட இல்லைங்க" என்றார். குரலில் பொறாமை இருந்ததோ?

டிசம்பர் 31

பணம் என் பெயருக்கு வந்தது ரஜப் மாத முதல் பிறையில்; இன்று ரஜப் பிறை தெரிந்தால் என் வருடம் நிறைகிறது, நான் கையெழுத்துப் போட வேண்டும். பிறைக் கணக்கு பத்துப் பன்னிரண்டு நாள் முன்னதாகவே முடியும் என்று சொன்னதிலிருந்து இவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்தி சாயும் முன்பே மாடியில் நிற்கிறார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து. மேற்கே ஒரே மேகம்.

"உன் நாத்தனாருக்குப் போன் போடு. அவ வீடு அந்தப் பக்கம்தானே, மேகம் இருக்காது."

போனைப் போட்டு அவர் கையிலேயே கொடுத்தேன். திருப்பித் தரப் பார்த்தார், அதற்குள் அவள் எடுத்துவிட்டாள். ஏறக்குறைய ஒன்பது வருடம் கழித்துத் தங்கையிடம் அண்ணன் பேசியது இதுதான்:

"அங்க... பிறை தெரியுதாம்மா?"