பிடி விடும் கலங்கள்

2024 பெப்ரவரி 6, செவ்வாய்

இல்லை, தோலின் கலங்கள், அந்த நுண்ணிய செல்கள், முதலில் சாவதில்லை என்கிறது புத்தகம். சாகும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அவை ஒன்றையொன்று பிடித்திருக்கின்றன. என் இரத்தமே அந்தப் பிடியை அந்நியமென்று எண்ணித் தாக்குகிறது. பிடி விடுகிறது. இடைவெளியில் நீர் ஊறுகிறது. கொப்புளம். நோயின் பெயர் பெம்பிகஸ்.

டொக்டர் கனகரெத்தினத்திடம் கேட்டேன்: விலகியதால் கலம் சாகிறதா, சாகத் தொடங்கியதால் விலகுகிறதா?

"அது இன்னும் வழக்கில இருக்கு பிள்ள. ரெண்டு பக்கமும் சாட்சி இருக்கு. நீங்க மருந்துக் குளிசைய விடாதீங்க."

பெப்ரவரி 9

என் கோப்பை, என் தட்டு, என் துவாய் — எல்லாம் தனி. உம்மா பிரித்து வைத்துவிட்டார்.

தங்கை ஹப்ஸா: "ராத்தா இப்ப மகாராணி. தனிக் கோப்பையில தேத்தண்ணி."

சிரித்தேன். உதட்டுப் புண் வெடித்தது.

பெப்ரவரி 12

விரிப்பு முதுகில் ஒட்டுகிறது. வாப்பா வாங்கி வந்த வாழையிலையில் படுக்கிறேன். பகல் தூக்கம். எங்கோ கடல். கனவில் ஓர் ஊர். வீடுகளெல்லாம் கைகோத்து நிற்கின்றன. ஒரு வீடு கையை விடுகிறது. இடையில் தண்ணீர், கண்ணாடிபோல. அந்த வீட்டில் இன்னும் ஆள் இருக்கிறாரா? பார்ப்பதற்குள் விழித்துவிட்டேன்.

பெப்ரவரி 13

உம்மா இப்போது அறைக்குள் வருவதில்லை.

பெப்ரவரி 15

உம்மா கதவடியிலேயே நின்றார். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு. புண்ணின் வாடை எனக்கே தெரியும். ஆனாலும் — உம்மா, நீங்களுமா?

படிக்கும் இடத்து ஹொஸ்டலுக்கே திரும்பிப் போய்விடுவேன். புண்ணோடு போனால் என்ன? குளிசையும் வேணாம். கலங்களும் விட்டுட்டுப் போகட்டும். எல்லாரும் விட்டுட்டுப் போங்க.

பெப்ரவரி 16, வெள்ளி

பையை அடுக்குவதைக் கண்டு ஹப்ஸா உம்மாவைக் கூட்டி வந்தாள். அதே கதவடி. அதே முந்தானை.

"எங்க போகப் போற, இந்த உடம்போட?"

"உங்களுக்குத்தான் என்னக் கண்டா அருவருப்பா இரிக்கே."

"அல்லாவே! எனக்குத் தடிமன் புள்ள, மூக்கு ஒழுகுது. நீ வெளியில மருந்தெடுக்கப் போன நேரம் டொக்டர் எனக்கிட்ட சொன்னவரு. அந்தக் குளிசை உடம்பிட எதிர்ப்பக் கொறைக்குமாம், குடிக்கிற ஆளுக்கு எங்கட தும்மலும் ஆகாதாம். அதுக்குத்தான் கோப்பையும் வேற. உன்னால எங்களுக்கு என்ன வரப்போகுது? எங்களாலதான் உனக்கு வரும்."

தும்மினார். இரண்டடி பின்னால் போனார்.

"இவ்வளவு படிச்ச ராத்தாக்கு வாயத் தொறந்து கேக்கத் தெரியல்ல" என்றாள் ஹப்ஸா.

இரத்தம் மட்டுமல்ல. நானும் பிடித்திருந்த கையை அந்நியமென்று எண்ணிவிட்டேன்.

இன்றைய குளிசையை விழுங்கினேன். உம்மாவின் தடிமனுக்குக் கொத்தமல்லி அவித்தேன். அவர் கதவடியில் வைத்துவிட்டு, அவர் எடுக்கும்வரை விலகி நின்றேன்.