ஆறாவது கை

கால்கரி,
மார்ச் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

மொராக் எழுதுகிறேன். உங்கள் முழங்கால் இந்தக் குளிரைத் தாங்குகிறதா? அம்மாவின் இருமல் நின்றதா?

நான் நன்றாக இருக்கிறேன். என் தலையில் அடிபட்டதாக யாராவது சொன்னால் பயப்படாதீர்கள். நேற்று தேசியப் போட்டியில், நாலு வகை நீச்சலும் சேர்ந்த நானூறு மீட்டர் இறுதிச்சுற்று. மல்லாந்து நீந்தும்போது பின்னால் வரும் சுவர் தெரியாது. மேலே கட்டிய கொடிகளைப் பார்த்ததும் கைவீச்சை எண்ணுவோம். இங்கே ஐந்து வீசினால் சுவர். நம் ஊர் நீச்சல் குளத்தில் ஆறு வீச வேண்டும். சரியான இடத்தில் தூண் இல்லையென்று நீங்கள்தான் சுவரிலிருந்து இன்னும் தள்ளியிருந்த தூணில் கொடியைக் கட்டினீர்கள். இங்கே வந்த ஒன்பது வருடமாக ஐந்தென்றே எண்ணிய நான், நேற்று ஆறாவது கையைத் தூக்கிவிட்டேன். தலை போய் மோதியது. கோலிக்குண்டு அளவு வீக்கம், அவ்வளவுதான். அடுத்த தவளை நீச்சலில் இரண்டு பேரைப் பிடித்து வெள்ளி வாங்கிவிட்டேன்.

பயிற்சியாளர் லொரெய்ன் ஐஸ் கட்டியை வைத்து அழுத்திக்கொண்டே, "அஞ்சு வரைக்கும் எண்ணத் தெரியாம எப்படிடீ நாலு நீச்சல் போட்டியில வெள்ளி வாங்கின? மனசு எங்க இருந்துச்சு?" என்று கேட்டார்.

"நீச்சல் கண்ணாடிக்குள்ள தண்ணி போயிடுச்சு" என்றேன்.

அம்மா பின்னிய சாம்பல் நிறக் காலுறை ஒரு ஜோடி அனுப்புங்கள். துவைக்காததாக இருந்தாலும் பரவாயில்லை.

கோடையில் குளத்துக்குப் புதுத் தூண் நடப்போவதாக எழுதியிருந்தீர்கள். நடுங்கள். கொடியை மட்டும் நான் வரும்வரை நகர்த்த வேண்டாம் அப்பா.

பேருந்து வந்துவிட்டது.

மொராக்