கோதுமை நுழையாத வீடு

மார்ச் 4, செவ்வாய்

என் வீட்டுக்காரருக்கு மறுபடியும் வயிறு. காலையில் பாத்ரூமுக்குள் போனவர், நான் குளித்துக் கிளம்ப வேண்டிய நேரம் தாண்டியும் வெளியே வரவில்லை. கதவைத் தட்டினால் "வர்றேன், வர்றேன்" என்று குரல் மட்டும் வருகிறது. முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு ஆபீஸ் போனேன்.

வருடக்கணக்காக இதே பாட்டுத்தான். உப்புசம், ஓட்டம், பிறகு நாலு நாள் சோர்வு. ஆளும் இளைத்துக்கொண்டே போகிறார். பெல்ட்டுக்குப் புது ஓட்டை போட வெளியே போவதில்லை. அச்சகத்தில் பைண்டிங் மாஸ்டர் இவர்தானே, நோட்டுத் தைக்கிற ஊசியாலேயே குத்திக்கொண்டு வந்துவிடுகிறார்.

நானும் விடுவதாக இல்லை. காலையில் பார்லிக் கஞ்சி, மத்தியானம் ரொட்டி, சாயந்திரம் ரஸ்க். வயிற்றுக்கு இதைவிட லேசாக என்னதான் கொடுப்பது? மனுஷர் சமர்த்தாகச் சாப்பிடுகிறார். வயிறுதான் நன்றி கெட்டது.

மார்ச் 12, புதன்

ரத்தம் எடுத்து, வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, ஒரு வழியாக இன்று டாக்டரம்மா முடிவைச் சொன்னார். கோதுமையிலும் பார்லியிலும் குளூட்டன் என்று ஒரு புரதம் இருக்கிறதாம். அது உள்ளே போனால் அவர் உடம்பே அவர் குடலைத் தாக்குகிறதாம்.

"இனிமே ஒரு துணுக்குகூடக் கூடாது. வாழ்நாள் பூரா" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இத்தனை நாள் வயித்துக்கு என்ன குடுத்துக்கிட்டிருந்தீங்க?"

சொன்னேன். கஞ்சி, ரொட்டி, ரஸ்க். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

பஸ்ஸில் வரும்போது அவர், "விடு, ஆசையாத்தானே குடுத்தே" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

மார்ச் 20, வியாழன்

லீவு போட்டுச் சமையலறையைக் காலி செய்தேன். பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு பொட்டலம் பொட்டலமாகப் படித்தேன். ரவை, சேமியா, நூடுல்ஸ் எல்லாம் தெரிந்த எதிரிகள். சூப் பொடியிலும் சோயா சாஸிலும் ஒளிந்திருக்கும் என்று யார் கண்டது? பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்த்தபோது தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பெருங்காயத்திலுமா! மாவு கலந்துதான் கட்டியாக்குகிறார்களாம். எல்லாவற்றையும் மூட்டை கட்டி மாடி வீட்டுக்குக் கொடுத்தாயிற்று. அவர்கள் முகத்தில் அப்படியொரு மலர்ச்சி.

உணர்ச்சிவசப்பட்டு ஒன்று சொல்லிவிட்டேன். "நீங்க தொடாததை நானும் தொட மாட்டேன்." அவருக்குக் கண் கலங்கிவிட்டது. என் பிஸ்கட் டப்பாவும் மூட்டைக்குள் போனது. அப்போது எனக்கும் கலங்கியது, காரணம் வேறு.

மார்ச் 23, ஞாயிறு

பிஸ்கட் இல்லாத டீ, டீயே அல்ல. நிறம் மாறின வெந்நீர்.

ஏப்ரல் 9, புதன்

எழுதலாமா வேண்டாமா? எழுதுகிறேன். இதை யார் படிக்கப் போகிறார்கள்.

குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் உட்கார்ந்திருப்பவளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் திட்டு விழும் என்று எவருக்கும் தெரியாது. இன்று ஒருவர் என் பரம்பரையையே இழுத்தார். போனை வைத்ததும் பக்கத்து சீட் அக்கா பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினாள். கை தானாகப் போனது. ஒன்றுதான். அப்புறம் இன்னொன்று. வாயைக் கொப்பளித்து, புடவையை உதறிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். "எப்படித்தான் இருக்கியோ பிஸ்கட் இல்லாம" என்று அவர் என் தலையைத் தடவிக் கொடுத்தார்.

ஏப்ரல் 28, திங்கள்

அவருக்குக் கொஞ்சம் தேவலாம். பாத்ரூம் காலையில் எனக்கும் கிடைக்கிறது.

மே 17, சனி

நாத்தனார் வந்தாள், கையில் ஒரு கேக்கோடு. எல்லாம் விளக்கமாகச் சொன்ன பிறகும் கத்தியை எடுத்துக்கொண்டு நிற்கிறாள்.

"அண்ணி, கோதுமைதானே ஆகாது? இது மைதா!"

மைதா எந்த மரத்தில் காய்க்கிறது என்று கேட்டேன். கோபித்துக்கொண்டு மொத்தக் கேக்கையும் அவளே சாப்பிட்டாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அதில் உலர்திராட்சை வேறு.

ஜூலை 2, புதன்

முன்னேற்றம் வந்த இடத்திலேயே நின்றுவிட்டது. உப்புசம் திரும்பியிருக்கிறது. நான் அரிசியும் காயும் கிழங்குமாகப் பார்த்துப் பார்த்துச் செய்கிறேன், எங்கிருந்து வருகிறது?

இன்று துவைக்கப் போடும்போது அவர் சட்டைப் பையைத் துழாவினேன். வெள்ளையாகப் பொருக்குப் பொருக்காக ஏதோ தூள். "என்னங்க இது?" என்றேன்.

"பசை காஞ்சதும்மா."

பசையாம். கேட்கிறவள் கேனச்சி என்றால் எதையும் சொல்லலாம். அச்சகத்துக்கு எதிரிலேயே பேக்கரி இருப்பது எனக்குத் தெரியாதா?

செப்டம்பர் 15, திங்கள்

ஆறு மாதப் பரிசோதனை. ரத்தப் பரிசோதனை எண் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, இறங்க வேண்டிய அளவுக்கு இல்லை. குடல் ஆறவில்லையாம். இப்படியே போனால் எலும்பு, ரத்தம் என்று வேறு எங்கெங்கோ கொண்டுபோய் விடுமாம். டாக்டரம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எங்கியோ உள்ளே போய்க்கிட்டேதான் இருக்கு. வெளியில ஏதாவது சாப்பிடறீங்களா?" என்றார்.

"சத்தியமா ஒரு வாய் கிடையாது டாக்டர்" என்றார் அவர்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் டாக்டரம்மாவைப் பார்த்தேன். நாங்கள் பார்த்துக்கொண்டதை அவரும் பார்த்துவிட்டார்.

செப்டம்பர் 18, வியாழன்

ஆபீஸில் அழுதுவிட்டேன். "அவர் என்னை ஏமாத்தறாருக்கா. வீட்ல ஒண்ணும் தெரியாத மாதிரி இருக்கார். வெளியில எங்கியோ..." என்று தொடங்கியதும் அக்கா இரண்டு போன் ரிசீவரையும் எடுத்துக் கீழே வைத்தாள்.

"எவ அவ?"

"பேக்கரி, அக்கா."

"பேக்கரிக்காரியா!"

விளக்கிச் சொல்ல ரொம்ப நேரம் பிடித்தது. அதற்குள் எதிர் வரிசை முழுக்க என்மேல் பரிதாபம் பரவிவிட்டது. ஒருத்தி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "தைரியமா இருங்க" என்றாள். நானும் இருக்கிறேன் என்று சொல்லிவைத்தேன்.

சாயந்திரம் வீட்டில் அவரை, ஆபீஸில் தண்ணீர்ப் புகார் விசாரிக்கிற முறைப்படியே விசாரித்தேன். கசிவு எப்போதிலிருந்து? எந்த இடத்தில்? அக்கம்பக்கத்தில் யாருக்காவது தெரியுமா? கடைசியில் அவர் வாயருகே குனிந்து மோந்தும் பார்த்தேன்.

அவர் தட்டை நகர்த்தி வைத்துவிட்டார். "என்னை நம்பலைல்ல நீ?"

செப்டம்பர் 24, புதன்

அவர் என்னோடு பேசி ஒரு வாரம் ஆகிறது. "சாப்பாடு", "சாவி", "லைட்" — இவ்வளவுதான்.

இன்று காலை சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தபோது சுருக்கென்றது. டாக்டரம்மா சொன்னது துணுக்கு. ஒரு துணுக்கு. ஏப்ரலிலிருந்து தினம் ஆபீஸில் பிஸ்கட் தின்றுவிட்டு அதே கைப்பையோடு, அதே புடவையோடு வந்து நேரே அடுப்படிக்குள் நுழைவது யாரு? நான்தானே? கையைக் கழுவறேன், சரி. கைக்குட்டை? நகக்கண்? ஐயோ, நானா? அந்த மனுஷனை நானே — மறுபடியும் நானேவா? முதல்ல ரஸ்க், இப்ப இதுவா? அதுல அவரை வேற மோந்து பார்த்தேன், வெட்கமே இல்லாம!

இனி பிஸ்கட் இல்லை. நிஜமாகவே இல்லை. அவரிடம் சொல்ல வேண்டும். சொல்ல வாய் வரவில்லை.

அக்டோபர் 3, வெள்ளி

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன். இன்னும் சிரிப்பு அடங்கவில்லை.

பிஸ்கட்டை விட்டும் மனசு சமாதானமாகவில்லை. பாதி பயம் என்மேல், பாதி சந்தேகம் இன்னமும் அவர்மேல். மத்தியானம் பர்மிஷன் போட்டுவிட்டு அச்சகத்துக்குப் போனேன். பேக்கரித் தூணுக்குப் பின்னால் நின்றேன். பேக்கரிக்காரர் இரண்டு தடவை "என்ன வேணும்?" என்றார். "என் வீட்டுக்காரர்" என்று சொல்ல முடியுமா? ஒரு சோடா வாங்கினேன். சாப்பாட்டு நேரம் முடிகிற வரை அவர் தெருவைத் தாண்டவே இல்லை. ஜன்னல் வழியாகத் தெரிந்தது: நான் கட்டிக் கொடுத்த டப்பாவைத் திறந்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு, கழுவிக் கவிழ்த்து வைத்தார். மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று உள்ளே போனேன்.

கதவருகே போய் நிற்கிறேன். அவருக்கு முதுகு இந்தப் பக்கம். அடுப்பிலிருந்து இறக்கிய பசைச் சட்டி மேஜைமேல். சுண்டுவிரலை அதில் தொட்டார். நாக்கில் வைத்தார். கண்ணை மூடி ஒரு சப்பு. தலையை ஆட்டினார், திருப்தி. பிறகு நோட்டு முதுகில் பசை தடவினார், அதே கைக் கட்டைவிரலை நாக்கில் தொட்டு அடுத்த தாளை எடுத்தார். பசை, நாக்கு, தாள். பசை, நாக்கு, தாள்.

"கையை எடுங்க வாயிலேருந்து!"

நான் கத்திய கத்தலில் கட்டிங் மெஷின் நின்றது. அவர் அப்படியே திரும்பினார், கட்டைவிரல் இன்னும் வாயில்.

"அது என்ன பசை?"

"மைதாப் பசை."

சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. விரலை எடுத்து, யாரோ ஒருவருடைய விரலைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"எத்தனை வருஷமா இதை நக்கறீங்க?"

"நக்கறேனா? நானா?" நிஜமாகவே தெரியாது அவருக்கு. கட்டிங் மெஷின்காரரைத் திரும்பிப் பார்த்தார். அவர்தான் சொன்னார்: "மாஸ்டர் நாக்குல வச்சுப் பார்த்துச் சொல்லாம இங்க யாரும் பசையைத் தொட மாட்டாங்கம்மா. புளிச்சிருந்தா அட்டை வீங்கிடும்ல?" பெருமையாகத்தான் சொன்னார், பாவம்.

அக்டோபர் 4, சனி

"ஒரு வாய்கூடச் சாப்பிடலைன்னு சொன்னேனா இல்லையா?" என்று காலையிலிருந்து மார்தட்டிக்கொண்டிருக்கிறார்.

"வாய் வாயாத்தானே சாப்பிட்டிருக்கீங்க" என்றேன்.

நான் சொன்னதும் சரி, அவர் சொன்னதும் சரி. இப்படியொரு சண்டை எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே வந்ததில்லை. டாக்டரம்மாவுக்குப் போன் செய்தோம். அந்தப் பக்கம் இருமல் மாதிரி ஏதோ கேட்டது. "பசையை மாத்துங்க. முடிஞ்சா நாக்கையும்" என்றார்.

நல்ல நேரமாக இருக்கிறதே என்று நானும் பிஸ்கட் விஷயத்தை மெதுவாக அவிழ்த்தேன். அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

"ஏப்ரல்லேருந்தா? நான் உன் தலையைத் தடவிக் குடுத்தேனே?"

"ஆமா."

"என்னை மோந்து வேற பாத்தியே!"

எழுந்து போய் என் கைப்பையை எடுத்தார். திறந்தார். மூக்கை உள்ளே விட்டு நன்றாக இழுத்தார். "க்ரீம் வச்சது" என்றார்.

சாயந்திரம் வரை உர்ரென்று இருந்துவிட்டு, "ஆபீஸ்லயே சாப்பிட்டுக்கோ. கையைக் கழுவிட்டு வா. ஆனா எங்கிட்ட சொல்லிட்டுச் சாப்பிடு" என்றார். சரி என்றேன். அழுகை வந்தது. இந்தத் தடவை காரணம் அவர்தான், பிஸ்கட் இல்லை.

அக்டோபர் 13, திங்கள்

அரிசி மாவில் பசை காய்ச்சினார். முதல் சட்டி கஞ்சியாகிவிட்டது. ஒரு பள்ளிக்கூடத்து நோட்டெல்லாம் அட்டை வேறு தாள் வேறாகக் கழன்று வந்ததாம். இரண்டாவது சட்டி பிடித்துக்கொண்டதாம். எப்படித் தெரியும் என்றேன். நாக்கில் வைத்துப் பார்த்தாராம்.

ஜனவரி 21, புதன்

இன்று ஆபீஸில் இரண்டு பிஸ்கட். அவரிடம் சொல்லிவிட்டேன்.

சாயந்திரம் அவர் லேப் வழியாக வந்தார். வந்ததும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார். நான் அங்கே கிடந்த அழுக்குத் துணியையெல்லாம் அள்ளி மெஷினில் போட்டேன். ஓடி முடிந்து திறந்தால், எல்லாத் துணியிலும் வெள்ளை வெள்ளையாகக் காகிதக் கூழ்.

அவர் துண்டோடு வந்து எட்டிப் பார்த்தார். "ரத்த ரிப்போர்ட் என் சட்டைப் பையிலதான் இருந்துச்சு."

பையைப் பார்க்காமல் சட்டையைப் போட்டிருக்கிறேன். நான்! தையல் தையலாகத் துழாவினவள்!

"என்ன போட்டிருந்துச்சு?" என்றேன்.

"நார்மல்னு." கூழை விரலால் கிள்ளி எடுத்துப் பார்த்தார். அதில் என்ன தெரியும்? "நாளைக்கு லேப்ல இன்னொரு காப்பி கேட்டு வாங்கிட்டு வரேன். நீயே பாத்துக்கோ."

"வேண்டாம், நீங்க சொன்னதே போதும்" என்றேன்.

ஆளுக்கொரு முனையைப் பிடித்து ஒவ்வொரு துணியாக உதறிக் காயப்போட்டோம். ஆபீஸுக்குக் கட்டுகிற என் கறுப்புப் புடவையில்தான் நிறைய ஒட்டியிருக்கிறது. நாளைக்கு அதையே கட்டிக்கொண்டு போகப் போகிறேன்.