பரண்மேல் இருக்கும் பை

ஜூன் 8, ஞாயிறு

காலையிலேயே வெயில். காற்று மட்டும் ஆடி மாதக் காற்று மாதிரி. பரண் துடைத்தேன். பாதிப் பரண்தான். பை இருக்கும் பக்கம் தொடவில்லை. மேலே இருந்த தூசியைத் துணியால் தட்டிவிட்டதோடு சரி.

செல்வி போன். வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு முதல் வருஷத் திதி. வியாழன் சாயங்காலமே வந்துவிடுகிறாளாம். மாப்பிள்ளைக்கு லீவு இல்லை. திதி கொடுப்பது என் கொழுந்தன் முருகேசன்.

"அந்தப் பையை இந்தத் தடவையாவது பிரிச்சிடலாம்மா. ஒரு வருஷம் ஆச்சு. உள்ள என்ன முளைச்சிருக்கோ."

சிரிப்பு வந்தது.

என்ன முளைத்திருக்கும். அவருடைய நீலக் கட்டம் போட்ட சட்டை. கைலி. என் பச்சைப் புடவை. துண்டு. வேதாரண்யத்தில் வாங்கிய உப்புப் பொட்டலம். எல்லாவற்றிலும் கோடியக்கரை மணல்.

வாங்க: எள், பச்சரிசி, வாழைக்காய், வாழை இலை, அவருக்குப் பிடித்த மிக்சர்.

ஜூன் 9, திங்கள்

மூட்டு வலி. தைலம் தீர்ந்துவிட்டது.

பக்கத்து வீட்டு ரோஸ்லின் டீச்சர் பேப்பரோடு வந்தார். இந்த டைரியும் அவர் கொடுத்ததுதான். எழுது, மனசு லேசாகும் என்றார். ஆறாவதோடு நின்ற படிப்பு எனக்கு. இருந்தாலும் எழுதுகிறேன். பிழை பார்க்க யார் வரப்போகிறார்கள்.

"இந்த வாரம் மேட்டூர் திறக்கிறாங்களாம் சரசு. ரெண்டு மூணு நாள்ல இங்க தண்ணி வந்துடும். உனக்கு நிம்மதி."

நிம்மதியா? தெரியவில்லை. அவர் போன பிறகு உப்புமா கிண்டினேன். உப்புப் போட மறந்துவிட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

கரண்ட் இல்லை மதியம் வரை. வாசல்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் வைத்த சட்டம் ஒன்று. ஊர் சுற்றிவிட்டுத் திரும்பினால் முதலில் காவிரி, அப்புறம்தான் வீடு. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் ஊர்த்துணியை எல்லாம் அலச வேண்டும். இரண்டு பேரும் முங்கி எழ வேண்டும். ஈரத்தோடு நிற்கும்போது அவர் கேட்பார், "சொல்லு, அடுத்த வருஷம் எங்க?" நான் சொல்கிற ஊருக்கு அவர் மறு பேச்சுப் பேசக் கூடாது. அதற்குப் பிறகுதான் பயணம் முடிந்த கணக்கு. அதுவரைக்கும் பையைப் பிரிக்கக் கூடாது.

தஞ்சாவூர்ப் பக்கம் போய் வந்தால்தான் வேடிக்கை. எங்கள் வீடு காட்டூரில், ரோட்டு மேலேயே. வருகிற வழியில் சொந்த வீடு. நிற்காமல் தாண்டி ஸ்ரீரங்கம் போய்க் குளித்துவிட்டு, வந்த வழியே திரும்பி வருவோம். முதல் தடவை பார்த்தபோது டீச்சர் எங்களுக்குள் சண்டை என்றே நினைத்துவிட்டார். இன்னொரு தடவை செல்வி சொல்லாமல் வந்து பூட்டின வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் ஸ்கூட்டரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். இவர் ஹாரன் அடித்து, "இதோ வந்துடறோம்டா" என்று கத்திக்கொண்டே போய்விட்டார். நான் பின்னால் உட்கார்ந்து கை ஆட்டினேன். பாவம். அன்றைக்கு அவள் முகம்.

கரண்ட் வந்துவிட்டது. மோட்டார் போட வேண்டும்.

ஜூன் 11, புதன்

அரியமங்கலம் போய் எள் வாங்கினேன். திரும்பும்போது அவர் லேத் பட்டறை வழியாக வந்தேன். வேண்டுமென்றேதான். அவர் நின்ற மெஷினில் யாரோ ஒரு புது ஆள். நல்ல பையனாகத் தெரிந்தான்.

மே மாதம் முதலாளி தன் ஊர்த் திருவிழாவுக்குப் போவார். பட்டறை ஒரு வாரம் மூடியிருக்கும். அந்த ஒரு வாரம்தான் எங்களுக்கு. செல்விக்குக் கல்யாணம் ஆன வருஷம் வீடு வெறிச்சென்று இருந்தது. "கிளம்பு, எங்கயாவது போவோம்" என்றார். அப்படி ஆரம்பித்தது. அதுவரை நான் போன தூரம் சமயபுரம்.

தரங்கம்பாடி. கடலைப் பார்த்து இவர் சொன்னது: "என்னா சரசு இது, யாராச்சும் மோட்டார நிறுத்த மறந்துட்டாங்களா."

கோட்டைப்பட்டினம். மீன் குழம்பு. வழியில் பஞ்சர்.

வேளாங்கண்ணி. டீச்சருக்கு மெழுகுவர்த்தி வாங்கினோம். வெயிலில் வளைந்துபோய் வந்தது.

பச்சைமலை. மேட்டில் வண்டி முக்கி நின்றுவிட்டது. "இது ஏறாதுங்க, திரும்பிடலாம்" என்றேன். "ஏறலேன்னா இறங்கித் தள்ளுவோம், என்ன இப்போ?" அவர் ஹேண்டிலைப் பிடிக்க, நான் பின்னால் தள்ள, இரண்டு பேருக்கும் சிரிப்பு. சிரித்தால் தள்ள முடியாது. அதற்கும் சிரிப்பு.

போன வருஷம் கோடியக்கரை. திரும்பும்போது தஞ்சாவூரில் டீக்கடையில் கேட்டார், "இந்த வருஷம் எந்த ஊர்ப் பேரு சொல்லப்போற? எனக்கு மட்டும் சொல்லு." "ஆத்துலதான் சொல்லுவேன்" என்றேன். பார்த்துக்கொண்டே டீ குடித்தார். மனசில் ஒரு பேர் வைத்திருந்தேன். அவர் அந்தப் பேரைக் கேட்டால் தலையில் கை வைப்பார் என்று தெரியும். அந்த முகத்தைப் பார்க்கத்தான் வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

படித்துறைக்கு வந்தால் ஆறே இல்லை. மணல். ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. "சரி, பையை அப்படியே பரண்ல போடு. தண்ணி வந்ததும் வந்து முடிச்சிக்கலாம்" என்றார்.

தண்ணீர் வருவதற்குள் அவர் போய்விட்டார். பட்டறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். அவ்வளவுதான். அப்புறம் தண்ணீர் வந்தது, போனது. நான் அந்தப் பக்கமே போகவில்லை.

அந்தப் பேரை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. இங்கேயும் எழுத மாட்டேன்.

ஜூன் 12, வியாழன்

மேட்டூர் திறந்துவிட்டார்கள். டிவியில் பூ தூவினார்கள்.

செல்வி வந்துவிட்டாள். இளைத்திருக்கிறாள். கேட்டால் "டயட்" என்கிறாள்.

ஜூன் 13, வெள்ளி

திதி ஆயிற்று.

ஆற்றில் இன்னும் மணல்தான். கரையில் குழாய் போட்டிருக்கிறார்கள். குளிப்பதற்கு வரிசை. முருகேசன் தம்பி நன்றாகவே செய்தார். அண்ணன் பேரைச் சொல்லும்போது குரல் உடைந்தது.

ஐயர் என்னிடம், "நீங்களும் குழாய்ல தலைக்கு ஊத்திக்கோங்கோம்மா. எல்லாம் காவேரி தீர்த்தம்தான்" என்றார். ஊற்றிக்கொண்டேன். சுடுதண்ணீர் மாதிரி இருந்தது. இதைக் கணக்கில் சேர்க்க முடியாது.

வரும் வழியில் தம்பி சொன்னார், "இனிமே நல்லது கெட்டதுக்குப் போகலாம் அண்ணி. வருஷம் முடிஞ்சது." தம்பிக்கு முடிந்தது.

படையலில் மிக்சர் வைத்தேன். காக்கா இலையில் மற்றதை விட்டுவிட்டு மிக்சரை மட்டும் தின்றது. செல்வி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

ஜூன் 14, சனி

தம்பி காலையிலேயே ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஸ்கூட்டரைப் பார்க்க. அந்த ஆள் குனிந்து பார்க்கிறார், டயரை உதைக்கிறார்.

"நிக்கிற வண்டி கெட்டுப்போயிடும் அண்ணி. அண்ணன் இருந்தா அவரே என்னைத் திட்டுவாரு."

"இப்பக் குடுக்க முடியாது தம்பி. வண்டி இன்னும் ஊர்லேர்ந்து திரும்பல."

வந்த ஆள் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என்னம்மா, வாசல்லதானே நிக்குது?"

தம்பி செல்வியைப் பார்த்தார். செல்வி, "சித்தப்பா, காபி சாப்பிட்டுக் கிளம்புங்க, நான் பேசறேன்" என்றாள்.

அவர்கள் போனதும் சொல்லிவிட்டேன். பை, சட்டம், போன வருஷத்து மணல், எல்லாம். பேரை மட்டும் சொல்லவில்லை. கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

"அன்னைக்கு என்னை வாசல்ல உட்கார வச்சிட்டுப் போனீங்களே, அது இதுக்குத்தானா? நான் அப்பாவுக்குக் கண்ணு தெரியலன்னு நினைச்சேன்."

அப்புறம் கேட்டாள், "சரி. தண்ணி வந்தா முடிச்சிடுவியா?"

பாத்திரம் தேய்க்கப் போய்விட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

காற்று. புடவை கொடியிலிருந்து பறந்து டீச்சர் வீட்டு முருங்கையில். எடுத்துக் கொடுத்துவிட்டு அவர் மாதா கோயிலுக்குப் போனார்.

செல்வி கேட்டதே ஓடிக்கொண்டிருக்கிறது. முடித்துவிட்டால் முடிந்துவிடும். இப்போது என்னவென்றால், பை பரணில் இருக்கிறவரை நாங்கள் இன்னும் வழியில்தான் இருக்கிறோம். தஞ்சாவூர் தாண்டியாயிற்று, வல்லம் தாண்டியாயிற்று, அவர் முதுகு எனக்கு முன்னால். சட்டை வியர்வையில் ஒட்டியிருக்கிறது. அப்படியே இருந்துவிட்டால் என்ன.

தண்ணீர் வரவேண்டும் என்றும் வேண்டிக்கொண்டேன். மெதுவாக வரட்டும் என்றும் வேண்டிக்கொண்டேன். சாமிக்கே குழப்பமாக இருந்திருக்கும்.

ஜூன் 16, திங்கள்

காலையில் அடுப்படியில் இருந்தேன். வாசலில் ஸ்கூட்டர் சத்தம். அவர் வண்டிச் சத்தம். கையில் கரண்டியோடு ஓடினேன், குழம்பு தரையெல்லாம் சொட்ட. செல்வி. மெக்கானிக்கைக் கூட்டிவந்து பேட்டரி மாற்றியிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் சட்டென்று வண்டியை அணைத்தாள்.

"சாரிம்மா. சொல்லியிருக்கணும்."

"பரவாயில்லடி. ஓடட்டும், அணைக்காத."

அணைத்த வண்டியைத் திரும்பவும் போட்டாள். நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ரசம் பொங்கிவிட்டது.

டீச்சர் சாயங்காலம் சுவருக்கு மேல் எட்டி, "முக்கொம்புக்குத் தண்ணி வந்தாச்சாம் சரசு!" செல்வியிடம் மூட்டு வலி என்று சொன்னேன். அவள் தைலம் வாங்கி வந்து வைத்துவிட்டு, "நாளைக்குப் போறோம். புதன்கிழமை நான் ஊருக்குப் போகணும்" என்றாள். அப்பா குரல் அவளுக்கு.

ஜூன் 17, செவ்வாய்

மேகம். வெயில் குறைவு.

பையைச் செல்விதான் பரணிலிருந்து இறக்கினாள். வண்டியில் காலுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். ஸ்ரீரங்கம் பக்கம் திருப்பினாள். நான் வேண்டாம் என்றேன்.

"முதல்ல தஞ்சாவூர் ரோட்ல துவாக்குடிப் பக்கம் போ. அங்கேர்ந்து திரும்பி வரணும். வீட்டைத் தாண்டித்தான் போகணும்."

"அம்மா..."

"போடி."

போனாள். துவாக்குடி போய்த் திரும்பினோம். பஸ் எல்லாம் உரசிக்கொண்டு போகிறது. அவள் தோள் வெறும் எலும்பு. எங்கே பிடிப்பது என்று தெரியாமல் கொஞ்ச தூரம் சும்மாவே உட்கார்ந்து வந்தேன். அப்புறம் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். வீடு வந்தது. டீச்சர் கேட்டில் நின்றுகொண்டிருந்தார். கண்ணை மூடிக்கொள்ளலாமா என்று இருந்தது. செல்வி ஹாரன் அடித்தாள்.

"இதோ வந்துடறோம் டீச்சர்!" நான்தான் கத்தினேன்.

அவர் கையைத் தூக்கினார். கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்த மாதிரி இருந்தது. வண்டி தாண்டிவிட்டது, சரியாகத் தெரியவில்லை.

காவிரிப் பாலத்தில் எட்டிப் பார்த்தேன். புதுத் தண்ணீர், மண் நிறம், நுரை, சருகு. பாதி மணல் இன்னும் நனையவே இல்லை. படித்துறையில் நல்ல கூட்டம். சிலர் தண்ணீரில் பூப் போட்டார்கள். கடைசிப் படிக்குக் கீழே முழங்கால் வரைதான் இருந்தது.

பைக் கயிறு அவர் போட்ட முடிச்சு. பட்டறை முடிச்சு. செல்வி அவிழ்க்கப் பார்த்தாள், முடியவில்லை. "அறுத்துடலாமா?" வேண்டாம் என்றேன். பல்லால் கடித்து அவிழ்த்தேன். கயிற்றைப் புடவை முந்தியில் முடிந்துகொண்டேன்.

உப்புப் பொட்டலம் கல்லாகிவிட்டது. சட்டையை எடுத்து முகத்தில் வைத்தேன். அவர் வாசம் இல்லை. பூசண வாசம்தான். திரும்பத் திரும்ப மோந்து பார்த்தேன். கழுத்துப் பட்டையில், கைக்கு அடியில். எங்கேயும் இல்லை. ஒரு வருஷமாக எதைப் பத்திரமாக வைத்திருந்தேன் என்று அங்கேதான் தெரிந்தது. படியில் உட்கார்ந்து அழுதேன். செல்வி பக்கத்தில் உட்கார்ந்தாள். நல்ல பிள்ளை.

அப்புறம் அலசினேன். கைலி, துண்டு, என் புடவை. சட்டை கடைசியில். கோடியக்கரை மணல் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. உப்பைத் தண்ணீரில் விட்டேன். மூழ்க ஆழம் இல்லை, உட்கார்ந்து தலையைக் கவிழ்த்தேன். குளிர்ந்த தண்ணீர். காதில் ஆற்றுச் சத்தம். மூச்சு முட்டும் வரை இருந்தேன்.

எழுந்து நின்றேன். ஈரத்தோடு. இந்த இடத்தில்தான் அவர் கேட்பார். யாரும் கேட்கவில்லை. பக்கத்தில் ஒரு அம்மா வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். செல்வி துண்டை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"கொல்லிமலை" என்றேன்.

"என்னம்மா?"

"அடுத்த வருஷம். கொல்லிமலை. மே மாசம் லீவு சொல்லி வை."

செல்வி தலையில் கை வைத்தாள். அதே மாதிரி. அப்படியே அவர் மாதிரி.

"அம்மா, அது பூரா ஊசி வளைவும்மா. இந்த வண்டி எங்கம்மா ஏறும்?"

"ஏறலேன்னா இறங்கித் தள்ளுவோம். துண்டைக் குடு, குளிருது."