ராணி பேசிய தமிழ்

இன்று பின்னேரம் மண்டபத்துக்குப் பின்னாலுள்ள உடுப்பு அலுமாரியைத் திறந்தோம். இந்த ஆண்டுக் கலைவிழாவுக்கு எது உதவும், எது கிழிந்துவிட்டது என்று பார்த்துவரச் சொல்லி ரீச்சர் சாவியைத் தந்திருந்தார். பூச்சி உருண்டையின் நெடிக்கு நடுவே கஞ்சி மணம் வந்தது. எனக்குக் கை நின்றுவிட்டது. போன ஆண்டு நாடகத்தில் நீ உடுத்த ராணியின் அரக்குச் சேலை அடித்தட்டில் இருந்தது. உன் அப்பா மடித்துத் தந்த மடிப்பை இதுவரை யாரும் பிரிக்கவில்லை.

அவர் அதைக் கொண்டுவந்த நாளில் நான் ரீச்சரின் மேசையருகே நின்றிருந்தேன். விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கிய வாரம். கொட்டாஞ்சேனை லோண்டரியில் இஸ்திரி போடுகிறவர் அல்லவா, சேலையைக் கடதாசியில் சுற்றி, இரண்டு கைகளிலும் தட்டு ஏந்துவதுபோல ஏந்திக்கொண்டு வந்தார்.

"கஞ்சி கொஞ்சம் கூடிப்போச்சுங்க டீச்சர். கோவிச்சுக்காதீங்க."

"பரவாயில்லை ஐயா. பிள்ளை எப்ப வாறா?"

"புள்ள இல்லங்க டீச்சர்." சேலையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், உன் அத்தை வீட்டில், உனக்குச் செங்கமாரி, அந்த மஞ்சள் காமாலை, கண்டு முற்றி, காப்பாற்ற முடியவில்லையாம். பிறகு அவர் வந்த வழியே போனார். படியிறங்கும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார். ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

உனக்கு ஒரு கடிதமும் நான் எழுதியதில்லை. ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டவர்களுக்குக் கடிதம் எதற்கு?

எங்கள் வகுப்பில் பாதிப்பேர் வெள்ளவத்தைப் பிள்ளைகள். வீட்டில் யாழ்ப்பாணத்து ஊர்களின் பெயர் நாளுக்குப் பத்துத்தரம் அடிபடும். நீ கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வந்தாய். உன் தாத்தா காலம்வரை தோட்டத்தில் கொழுந்து பறித்த குடும்பம். எங்கள் சமூகக்கல்விப் புத்தகத்தில் தேயிலை ஏற்றுமதிப் பயிர்களின் வரிசையில் இருந்தது. அதைப் பறிப்பவர்கள் எந்தப் பக்கத்திலும் இல்லை. தடுப்புப் பலகைக்கு அந்தப் பக்கம் சிங்கள மொழி வகுப்பு. அவர்கள் வாய்ப்பாடு சொல்வது எங்களுக்குக் கேட்கும், எங்களுடையது அவர்களுக்குக் கேட்கும். ஆனால் அவர்களுடைய பெயர்களைத் தெரிந்து வைத்திருந்தவள் எங்கள் வகுப்பில் நீ ஒருத்திதான். யாருக்குப் பல்வலி, யாருடைய அண்ணன் இராணுவத்தில் என்பதுவரை நீ அறிவாய்.

இடைவேளையில் நீ நாங்கள் உட்காரும் வாங்குமேல் ஏறி நின்றால் ஒரு பஸ் முழுவதும் உன் வாயிலிருந்து இறங்கும். "இஸ்ஸரஹட்ட யன்ட, இஸ்ஸரஹட்ட யன்ட" என்று முன்னால் தள்ளுகிற கொண்டக்டர். புறக்கோட்டைப் புடைவைக் கடையின் முஸ்லிம் நானா. கொம்பனித்தெருவில் ஏறுகிற மலாய்க்கார அம்மா. வெள்ளவத்தைச் சந்தையில் முருங்கைக்காய்க்குப் பேரம் பேசுகிற எங்கள் அம்மாக்கள். நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம். நாங்கள் ஒரே வீட்டுக்குள் ஒரே தமிழைக் கேட்டு வளர்ந்தவர்கள். உனக்கோ நகரம் முழுவதும் பாடம் சொல்லிக் கொடுத்திருந்தது. அதற்குப் புள்ளி போடத்தான் ஒருவரும் இல்லை.

கலைவிழா நாடகத்தில் வேலைக்காரி வேடம் எப்போதும் உனக்கே வரும். ரீச்சர் நல்லவர். உன்னைப் பாராட்டுவதாக நினைத்துத்தான் சொல்லுவார். "இவள் வாயைத் திறந்தாலே சபை சிரிக்கும்."

எங்கள் பள்ளிக்கூடத்து நாடகங்களில் அது வழக்கமாகவே போய்விட்டது. அரசர்கள் செந்தமிழ் பேசுவார்கள். வேலைக்காரர்கள் உன் வீட்டுத் தமிழ் பேசுவார்கள். அந்தத் தமிழ் மேடைக்கு வந்தால் சிரிக்க வேண்டும் என்று சிறுபிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

போன ஆண்டு ராணியாக நடித்துக்கொண்டிருந்த தாரணி ஒரு திங்கட்கிழமை வரவில்லை. கனடாவுக்குப் போய்விட்டாள் என்றார்கள். அந்த நாள்களில் அப்படித்தான், வாங்கில் ஒரு இடம் திடீரென்று காலியாகும். ரீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது நீ விளக்குமாற்றோடு மேடையில் நின்றபடியே எதிரியிடம் ராணி பேசும் வசனத்தைத் தொடங்கினாய். "படைத்தலைவனே, என் முடியை எடுத்துக்கொள். என் குடிகளை விட்டுவிடு." வசனம் எடுத்துக்கொடுப்பவளாகப் பிரதியோடு திரையருகே இருந்த எனக்கு ஓர் எழுத்தைக்கூடத் திருத்த வேலையில்லை.

ரீச்சர் தலையிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா உன்ர வீட்டுத் தமிழ் இடையில வந்திடக் கூடாது பிள்ளை. பெற்றோர் எல்லாரும் வருவினம்," என்றார்.

நீ தலையாட்டினாய். அந்த வேடம் உனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பது எனக்குத் தெரியும். "ஒரே ஒரு தடவ," என்றாய் என்னிடம். "நான் பேசறப்ப சிரிக்காம கேட்டாங்கன்னா போதும்."

ஒத்திகைக்காக என்னோடு எங்கள் வீட்டுக்கு வந்தாய். அம்மா கதவைத் திறந்ததும், வெள்ளவத்தையில் எந்த அம்மாவும் கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

"பிள்ளை, ஊரில எவடம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் நீ யாழ்ப்பாணத் தமிழில் சொன்னாய். "கரவெட்டி, அன்ரி."

"அட, எங்கட பக்கமெல்லோ! கரவெட்டியில எவ்விடத்தில?"

"கோயிலுக்குக் கிட்ட, அன்ரி."

எந்த ஊரில்தான் கோயில் இல்லை! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அம்மாவோ முகம் மலர்ந்து ஏலக்காய் போட்டுப் பால் தேத்தண்ணி ஊற்றினார். பருத்தித்துறை வடை இருந்த தகர ரின்னை முழுவதுமாக உன் முன்னால் வைத்தார். பிறகு பக்கத்தில் அமர்ந்து, சொந்தக்காரப் பிள்ளையிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

"இப்ப பள்ளிக்கூடத்தில ஆரார் எல்லாம் படிக்கினம் பார். கொட்டாஞ்சேனைப் பக்கத்துத் தோட்டக்காட்டுப் பிள்ளையளும் வருதுகள். அதுகளோட சேராத, தமிழ் கெட்டுப்போகும் எண்டு இவளுக்குச் சொல்லுறனான். நீயும் கவனம் பிள்ளை."

"ஓம் அன்ரி," என்றாய் நீ. "அதுகள் கதைக்கிறது ஒண்டும் விளங்கிறேல்ல."

குரல் ஒரு இடத்திலும் பிசகவில்லை. வடையைக் கடித்து மென்று விழுங்கினாய். நான்தான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பஸ் தரிப்பிடத்தில் கேட்டேன். "ஏன் அப்பிடிச் சொன்னனீ?"

"உங்கம்மா சிரிச்சுக்கிட்டே கேட்டாங்க. அந்தச் சிரிப்ப நிறுத்த மனசு வரல." கடற்காற்றில் பறந்த ரிப்பனை இழுத்துக் கட்டினாய். "நல்ல டீ. ஆனா எனக்கா குடுத்தாங்க? கரவெட்டிக்காரிக்குல்ல குடுத்தாங்க."

அதற்கு அடுத்த வாரம் உன் பஸ்ஸைச் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். நகரில் எங்கோ குண்டு வெடித்திருந்தது. இராணுவத்தான் "நங்கி", தங்கச்சி, என்று கூப்பிட்டு எங்கே போகிறாய் என்று கேட்டான். நீ வழக்கம்போல அவனுடைய சிங்களத்திலேயே பதில் சொன்னாய், அவன் சிரிக்கும்படி. அதன்பிறகு பள்ளிக்கூட அட்டையில் உன் பெயரைப் பார்த்தான். சிங்களம் தெரியாத தமிழ்ப் பிள்ளைகளை ஏசிவிட்டு ஏற்றி அனுப்பினான். உன்னை இறக்கி வைத்தான். இவ்வளவு நல்ல சிங்களம் எங்கே படித்தாய், யார் பழக்கி அனுப்பியது என்று பொலிசில் மாறிமாறிக் கேட்டார்கள்.

"பஸ்ல படிச்சேன்னு சொன்னேன். நம்பல," என்று நீ எனக்குச் சொன்னாய். "அப்புறம் பயம் வந்துச்சு பாரு, எல்லாக் குரலும் போயிடுச்சு. சிங்களம் வரல. உங்க தமிழ் வரல. எங்கம்மா பேசறது மட்டும்தான் வந்துச்சு. அங்க ஒரு முஸ்லிம் பொலிஸ்காரர், அவருக்குத் தமிழ் தெரியும். அதக் கேட்டுட்டு, இது தோட்டத்துப் புள்ள, விடுங்கன்னாரு."

அதற்கிடையில் உன் அப்பா வந்துவிட்டார். வாசலில் நின்று கும்பிட்டார். "புள்ளைய விட்ருங்க ஐயா. அதுக்கு ஒண்ணும் தெரியாதுங்க." இதை மட்டும் நீ அப்பாவின் குரலில் செய்து காட்டவில்லை. சும்மா சொன்னாய்.

பின்னர் இடைவேளைகளில் நீ வாங்கில் ஏறவில்லை. கேட்டவர்களுக்குத் தொண்டை சரியில்லை என்றாய். கலைவிழாவுக்கு முதல் நாள் என்னைத் திரைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்க் கேட்டாய். "ஊரு போச்சு, எதிரிக்கு முன்னால நிக்கிறா. அந்த மாதிரி பயத்துல ஒரு ராணி எந்தத் தமிழ்ல பேசுவா?"

நான் வாசித்த புத்தகங்களில் ராணிகள் பயந்தபோதும் இலக்கணத்தோடுதான் பயந்தார்கள்.

"கடைசி வசனத்துக்கு எடுத்துக் குடுக்காத," என்றாய். "நான் பாத்துக்கிறேன்."

மண்டபம் நிறைந்திருந்தது. அம்மா நடுவரிசையில் இருந்தார். முன்வரிசையில் பள்ளிக்கூடத்து உப அதிபர். கடைசிக் காட்சிவரை நீ தாரணியைவிடத் தாரணியாக இருந்தாய். படைத்தலைவன் வாளை உருவியதும் நீ கிரீடத்தைக் கழற்றி அவன் காலடியில் வைத்தாய். பிறகு கைகூப்பினாய்.

"இதுதான வேணும், எடுத்துக்கங்க. எங்க புள்ளைங்கள விட்ருங்க ஐயா. அதுங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

அது பொலிஸ் வாசலில் உன் அப்பா நின்ற நிலை. ராணியின் சேலைக்குள் அவரை நிற்க வைத்திருந்தாய். நான் பார்த்ததும் வாசித்ததுமான எல்லாவற்றிலும் அவ்வளவு உண்மையான ஒன்றை அதற்குமுன் கண்டதில்லை.

மண்டபம் சிரித்தது.

முதலில் சிறுபிள்ளைகள். பிறகு பின்வரிசைகள், பிறகு எல்லாரும். வேலைக்காரியின் தமிழ் ராணியின் வாயில் வந்துவிட்டது, பகிடிதானே! நீ கூப்பிய கையை இறக்கவில்லை. சிரிப்பு நின்றது. அந்த அமைதிக்குள் மிச்ச வசனத்தை, அதே தமிழில், அவசரப்படாமல் பேசி முடித்தாய்.

திரை விழுந்ததும் ஓடிவந்து என் தோளைப் பிடித்துக் குலுக்கினாய்.

"பாத்தியா? சிரிச்சாங்கதான். அப்புறம் எப்படிக் கேட்டாங்க, பாத்தியா! ஒரு சத்தம் இல்ல!"

"ஓம்," என்றேன்.

உன் கண்ணில் மேடை விளக்கு அடித்துக்கொண்டிருந்தது. உனக்கு மண்டபம் தெரிந்திராது. திரையோரத்திலிருந்த எனக்குத் தெரிந்தது. உப அதிபர் எழுந்து, சபையைத் திரும்பிப் பார்த்து, உதட்டில் விரலை வைத்தார். அதனால்தான் சிரிப்பு நின்றது. பிறகு நீ பேசியபோது ஆள்கள் வாயைப் பொத்திக்கொண்டு, ஒருவரை ஒருவர் முழங்கையால் இடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து குலுங்கிக்கொண்டிருந்தார்கள்.

ரீச்சர் வந்தார். கோபிக்கவில்லை, மனம் நொந்துதான் கேட்டார். "இவ்வளவு வடிவாச் செய்துபோட்டு ஏன் பிள்ளை கடைசியில வேலைக்காரி மாதிரிக் கதைச்சனீ?" நீ புன்னகைத்தாய். அப்போதும் உனக்கு அந்த அமைதிதான் காதில் இருந்திருக்கும். வீட்டுக்கு நடந்து போகும்போது அம்மா ஒரேயொரு வசனம் சொன்னார். "என்ர வீட்டில இருந்து சாப்பிட்டிட்டே பொய் சொல்லியிருக்கிறாள்." உன் நடிப்பைப் பற்றி ஒன்றுமில்லை. நான், "அவள் பொய் சொல்லாம இருந்திருந்தா வடை குடுத்திருப்பீங்களோ?" என்று கேட்டேன். அம்மா எனக்கு முன்னால் வேகமாக நடக்கத் தொடங்கினார்.

கொழும்பு உனக்கு ஆபத்து என்று விடுமுறை தொடங்கியதும் அப்பா உன்னைத் தோட்டத்துக்கு அனுப்பினார். இரயில் ஏறுவதற்கு முன்பு பள்ளிக்கூடத்துக்கு வந்து போனாய். அப்போதும் அதையே சொன்னாய். "அந்தச் சனம் கேட்டிச்சுல்ல, அது போதும்." நான் மறுபடியும் ஓம் என்றேன். வேண்டிய ஒன்று கிடைத்துவிட்டதாக நம்பிக்கொண்டு நீ போனாய். அது கிடைக்கவில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். இதை யாரிடமும் சொல்லவும் முடியவில்லை, மறக்கவும் முடியவில்லை.

அந்த நாளிலிருந்து நாடகம் பார்க்கும்போது என்னால் மேடையைப் பார்க்க முடிவதில்லை. பார்ப்பவர்களின் முகங்களைத்தான் பார்க்கிறேன்.

இன்று நாடகத்துக்கு வேடங்களைப் பிரித்துக் கொடுத்தார்கள். உன் கொட்டாஞ்சேனைக்கும் அப்பால், மட்டக்குளியிலிருந்து வருகிற எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்திக்கு வேலைக்காரி வேடம். அவள் எழுந்து, "கும்பிடுறேங்க மகாராணி," என்றாள். பகிடி ஒன்றும் இல்லாத வசனம். முழு வகுப்பும் சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். நான் முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு போனேன். சிரிக்காமல் இருந்தது நான் ஒருத்திதான். நான் சிரிக்கவில்லை என்பதை அவள் கவனிக்கவில்லை.